ஆளு மாறிய நாள்

கொல்லாம்பழம் என்கிற முந்திரிப்பழம் பழுத்து விழுந்து முற்றமெல்லாம் ஈ மொய்க்கிற காலம். மைனி கிணற்றடியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கீழே வயல் வரப்பில் ஒரு சைக்கிள் குதித்துக் குதித்து வந்தது. டீக்கடைக்குப் பால் ஊற்றுகிற கிருஷ்ணன்குட்டி. பால் பாத்திரம் கடகடவென்று அடிக்க, ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே கத்தினான்.

“ஆளு மாறி! கேட்டியளா, ஆளு மாறி!”

அதற்கு முன்னும் பின்னும் என்னவோ சொன்னான். அதெல்லாம் காற்றில் போயிற்று. மைனியின் காதில் விழுந்தது அந்த இரண்டு வார்த்தைதான்.

கத்தியைக் கீழே போட்டாள். மாமரத்து மூட்டில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கோழியைப் பிடித்தாள். முட்டையிடுகிற கோழி. அதை எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். அன்று அறுத்தாள்.

நீங்கள் கேட்ட கேள்வி

மக்களே, போன வாரம் உங்களுக்கு எழுதியதில் நம் கிணறு தோண்டிய கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அது அங்கேயே கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அன்று நம் வீட்டு டிவியில் கடலுக்கு அப்பால் உள்ள ஒரு நாட்டைக் காட்டினார்கள். ஜனங்களைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்த ஆட்சி போய்விட்டது, புதிய தலைவர் வருகிறார் என்று தெருவெல்லாம் ஆட்டம் பாட்டம். நானும் உங்கள் பெரியம்மையும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் பெங்களூரிலிருந்து வீடியோ போனில் இருந்தீர்கள். நல்ல சந்தோஷத்தின் நடுவில் பெரியம்மை பொசுக்கென்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். “பெரியம்மைக்கு என்னப்பா ஆச்சு?” என்று கேட்டீர்கள். “கால் வலி” என்று சொன்னேன். கால் வலி இல்லை.

சின்ன வயதில் நீங்கள் இன்னொரு கேள்வியும் கேட்டதுண்டு. “பெரியப்பா ஏன் மைக்கில பேசமாட்டாரு, தட்ட மட்டும் செய்யுதாரு?” அதற்கும் அப்போது பதில் சொல்லவில்லை. இரண்டும் ஒரே கேள்விதான்.

இரண்டு ஸ்பீக்கர்

நான் மைனி என்று சொல்வது உங்கள் பெரியம்மை நேசம்மாளை. என் அண்ணன் தாசனின் மனைவி. அப்பனும் அம்மையும் காலமான பிறகு குன்னத்துகாலுக்குக் கிழக்கே, மலையாள நாட்டின் எல்லையை ஒட்டிய அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அண்ணனுக்கு மைக் செட் இருந்தது. கல்யாணம், சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை, கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் அண்ணன்தான். ஆம்பிளிபயரைத் தலையில் சுமப்பது அவன், ஸ்பீக்கர் குழாயைத் தென்னையில் ஏறிக் கட்டுவது நான். அந்தப் பெட்டி சூடாகும்போது தூசி கருகுகிற ஒரு மணம் வரும். இன்றைக்கும் அந்த மணம் எங்கிருந்தாவது வந்தால் எனக்கு வயிறு பசிக்கும். பந்திக்கு முன்னால் வருகிற மணம் அல்லவா!

அண்ணனுக்கு நல்ல தொண்டை. மைக்கைக் கட்டி முடித்ததும் தட்டிப் பார்க்கமாட்டான், பேசித்தான் பார்ப்பான். “ஹலோ, ஹலோ, குன்னத்துகால் தாசன்” என்று இழுப்பான். வயலுக்கு அந்தப் பக்கம் மைனி அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். “உனக்க அண்ணன் தொடங்கியாச்சு” என்று சிரிப்பாள். கூட்டம் முடியும்போது, “சுந்தரா, குழாயை அவுருலே” என்று என்னிடம் மைக்கிலேயே சொல்வான். அது மைனிக்கு உலை வைக்கச் சொல்லும் அடையாளம்.

ஊரில் அவனுக்கு ‘ஸ்பீக்கர் தாசன்’ என்று பெயர். ஸ்பீக்கர் வைத்திருப்பவன், அதனால் ஸ்பீக்கர் தாசன்.

காட்டாக்கடைப் பக்கத்தில் இன்னொரு தாசன் இருந்தார். தொழிலாளர் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறவர். மலையாளமும் தமிழும் கலந்து தீப்பொறி மாதிரி பேசுவார். அவருக்கும் ஊர் வைத்த பெயர் ‘ஸ்பீக்கர் தாசன்’. பேசுகிறவர், அதனால் ஸ்பீக்கர் தாசன்.

அவர் பேச, இவன் மைக் கட்டிய கூட்டங்களும் உண்டு. “ரெண்டு ஸ்பீக்கரும் வந்தாச்சு, இனி தொடங்கலாம்” என்று கமிட்டிக்காரர்கள் தமாஷ் சொல்வார்கள். அந்தத் தமாஷுக்கு நாங்களும் சிரித்திருக்கிறோம்.

யாருக்கு அடியந்திரம்?

நெருக்கடி நிலை என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். கூட்டம் கூடக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது, பிடித்துக்கொண்டு போனால் ஏன் என்று கேட்க ஆளில்லை. மலையாளத்தில் அதற்கு ‘அடியந்திராவஸ்தை’ என்று பெயர். எங்கள் பக்கத்திலோ அடியந்திரம் என்றால் செத்தவர்களுக்குச் செய்கிற பதினாறாம் நாள் சடங்கு. அதற்கும் சில வீடுகளில் மைக் கட்டுவார்கள்.

டீக்கடையில் பாஸ்கரன் அண்ணன் பேப்பரைச் சத்தமாக வாசித்தபோது, பெஞ்சின் மூலையில் இருந்த அண்ணன் தலையைத் தூக்கினான்.

“ஆருக்காக்கும் அடியந்திரம்? குழாய் எத்தன வேணும்?”

கடையே சிரித்தது. பாஸ்கரன் அண்ணன் மட்டும் வாசலைப் பார்த்துவிட்டு, “எலே தாசா, மெதுவா” என்றார். மறுவாரம் கடையில் ‘ராஷ்ட்ரீயம் பறயருது’ என்று ஒரு பலகை தொங்கியது. அரசியல் பேசக் கூடாதாம். டீக்கடையில் அரசியல் பேசாமல் வேறு என்ன பேசுவது? மழையைப் பற்றிப் பேசினோம். ரப்பர் வெட்டு பற்றிப் பேசினோம். பிறகு சும்மா இருந்து குடித்துவிட்டு வந்தோம்.

கட்சிக் கூட்டம் இல்லாததால் அண்ணனுக்கு வேலை பாதியாயிற்று. கல்யாணமும் பண்டிகையுமாக ஓடியது. காட்டாக்கடை தாசன் எங்கோ ஒளிந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அது எங்கள் காரியம் இல்லை என்று இருந்தோம்.

ஒருநாள் காலையில் டீக்கடை முன்னால் போலீஸ் ஜீப் வந்து நின்றது. எந்த ஸ்டேஷன் ஜீப் என்று எழுதவில்லை. இப்போது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

“ஸ்பீக்கர் தாசன் ஆரா?” என்று இறங்கியவர் கேட்டார்.

எல்லாரும் அண்ணனைக் காட்டினார்கள். காட்டிக்கொடுக்கவில்லை, மக்களே. அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மைக் செட் வாடகை பேச வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், ஊரும் அப்படித்தான் காட்டும். அண்ணனே எழுந்து முன்னால் போனான். முகமெல்லாம் சிரிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலை வருகிறதே!

“நானாக்கும் சாரே. எப்பளாக்கும் விசேஷம்? குழாய் எத்தன வேணும்?”

இந்த முறை கடையில் யாரும் சிரிக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர்தான் சிரித்தார். “அதொக்கெ அவிடெ சென்னிட்டு பறயாம்” என்றார். அதெல்லாம் அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று. தோளில் கிடந்த துண்டோடு அண்ணன் ஜீப்பில் ஏறினான். “சுந்தரா, பெரிய குழாயில ஒரு நட்டு லூசாக் கெடக்கு, முறுக்கி வை” என்றான்.

அதுதான் அவனுடைய பழைய குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை.

எங்கள் வீட்டு ஜெபம்

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரே வாக்கியம்தான். “சாரே, ஆளு மாறிப்போயி.” வேறு ஆளுக்குப் பதிலாக எங்கள் ஆளைப் பிடித்துவிட்டீர்கள் என்று அதற்கு அர்த்தம். மலையாளத்தில் அதை அப்படித்தான் சொல்வார்கள்.

ஸ்டேஷனில் சொன்னோம். பெரிய ஆபீசில் சொன்னோம். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் சொன்னோம். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். மைனி எங்கள் சபையில் முழங்காலில் நின்றும் அதையேதான் சொன்னாள். தெய்வத்துக்கும் மலையாளத்தில்.

அண்ணன் ஏதோ போலீஸ் கேம்பில் இருக்கிறான் என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை.

ஒரு தடவை மேசைக்குப் பின்னால் இருந்த வயசான போலீஸ்காரர் ஒருவர் மைனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆளு மாறியதாணெங்கில் அவன் திரிச்சு வரும்” என்றார். ஆள் மாறிப் பிடித்தது உண்மையானால் அவன் திரும்பி வருவான்.

இரக்கத்தில் சொன்னாரோ, எங்களை அனுப்பிவிடுவதற்காகச் சொன்னாரோ, தெரியாது. மைனி அதைப் பிடித்துக்கொண்டாள். “பாத்தியளா தம்பி, ஆளு மாறிச்சுண்ணு அவிய ஒருக்கா சொல்லிட்டா போரும். பின்ன வந்திருவாவ” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்படிப்பட்ட காதில்தான் கிருஷ்ணன்குட்டியின் கூச்சல் விழுந்தது.

டெல்லிக்கா கொண்டு போனாவ?

அன்று நான் டீக்கடை ரேடியோ முன்னால் நின்றிருந்தேன். தேர்தலில் டெல்லி ஆட்சி போயிற்று என்ற செய்தி. யாரும் நம்பவில்லை. மறுபடி சொன்னார்கள். பாஸ்கரன் அண்ணன் ஸ்டூலில் ஏறி அந்தப் பலகையைக் கழற்றி, தண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்தார். அப்போதுதான் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது.

ஒரு வேடிக்கை. எங்கள் மலையாள நாட்டில் வோட்டு அப்படியே மறுபக்கம் விழுந்திருந்தது. டெல்லியில் தோற்றவர்கள் இங்கே ஜெயித்தார்கள். இங்கே தோற்றவர்கள் டெல்லியில் ஜெயித்தார்கள். அதனால் இரண்டு கூட்டமும் வெடி போட்டது. எல்லைக்கு அப்பால் களியக்காவிளைப் பக்கத்திலிருந்தும் வெடிச்சத்தம் கேட்டது. யார் எதற்குப் போடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவர் தோல்விக்கு ஒருவர் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றார்கள்.

நான் ஓடினேன். மைனியிடம் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். முற்றத்தில் ஏறும்போதே கோழிக்கறி மணம். அண்ணனின் வெள்ளைச் சட்டை துவைத்துக் கொடியில் சொட்டிக்கொண்டு கிடந்தது. மைனி தலை குளித்து ஈர முடியோடு வாசலில் நின்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரித்த முகத்தைப் பார்க்கிறேன்.

“எப்ப வருவாவ தம்பி? பஸ்ஸிலயா, அவியளே கொண்டு விடுவாவளா?”

“ஆரு மைனி?”

“ஆளு மாறிச்சுண்ணு சொல்லியாச்சுல்லா! கிருஷ்ணன்குட்டி விளிச்சுச் சொல்லிட்டுப் போனானே.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபோது படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“மைனி, அது டெல்லியிலயாக்கும்” என்றேன்.

அவள் வாசலை விட்டு இறங்கி வந்தாள்.

“அய்யோ! டெல்லிக்கா கொண்டு போனாவ?”

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. நாட்டை ஆளுகிற ஆள் மாறிவிட்டது, இனி ஜெயிலில் இருப்பவர்களை விட்டுவிடுவார்கள், அண்ணனும் வருவான், ஆனால் இன்றைக்கு அல்ல என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் நல்ல செய்திதான். நல்ல செய்தியைச் சொல்லி ஒரு முகத்தின் வெளிச்சத்தை அணைத்தது அன்றைக்குத்தான்.

மைனி உள்ளே போனாள். கறியை இறக்கினாள். இரண்டு இலை போட்டாள். “அறுத்தது அறுத்தாச்சு, தின்னுங்க தம்பி” என்றாள். தின்றோம். வெளியே வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நெய்யாற்றின்கரை பஸ்

ஒவ்வொருவராக விட்டார்கள். எந்த பஸ்ஸில் வருவான் என்று தெரியாது. அதனால் சாயங்காலமானால் நானும் மைனியும் ஜங்ஷனில் போய் நிற்போம். கொல்லாம்பழக் காலம் முடிந்து முதல் மழை பெய்திருந்தது.

ஒருநாள் பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கினார்கள். மைனி எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, பஸ்ஸின் பின்வாசலை எட்டிப் பார்த்தாள். “இதுலயும் வரல்ல தம்பி” என்றாள்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல். காற்று மட்டும் வருகிற மாதிரி ஒரு குரல்.

“நேசம்.”

தலையை ஒட்ட வெட்டிய, தோள் கூனிய ஒரு மனிதர். மைனி ஒரு எட்டு பின்னால் வைத்து, முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். யாரோ வேறு நேசம்மாளைத் தேடுகிறார் என்று நினைத்து, மரியாதையாகத்தான் சொன்னாள்.

“ஆளு மாறிப்போச்சு அண்ணே.”

அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்துத்தான் அது அண்ணன் என்று நான் அறிந்தேன். நான் போய்க் கட்டிப் பிடித்த பிறகுதான் மைனிக்கும் தெரிந்தது. நடுரோட்டில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

தொண்டையில் கேடு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அங்கே என்ன நடந்தது என்று அண்ணன் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. வீட்டில் மெதுவாகப் பேசுவான். உங்களிடமும் அப்படித்தான் பேசினான். அவனுக்கு எப்போதும் ஜலதோஷம் என்று நினைத்திருப்பீர்கள்.

ஒரு மேடை

காட்டாக்கடை தாசன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். முற்றத்திலேயே நின்று, அண்ணனின் இரண்டு கையையும் பிடித்து, “எனக்குள்ள அடியாக்கும் தாசா நீ வாங்கினது” என்று சொல்லி அழுதார். ஊரில் அவருக்கு வரவேற்பு வைத்திருக்கிறார்கள், மைக் அண்ணன்தான் கட்ட வேண்டும், மேடையில் அண்ணனும் இருக்க வேண்டும் என்றார்.

போனோம். நான் தென்னையில் ஏறிக் குழாய் கட்டினேன். அண்ணன் மைக் முன்னால் நின்றான். “ஹலோ” வரும் என்று மரத்தின் மேலிருந்து காத்திருந்தேன். அவன் விரலால் தட்டினான். டொக், டொக். குழாயில் சத்தம் வந்தது. இறங்கிப் போய்ப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் திரண்டதும் தாசன் அவனைக் கைபிடித்து மேடைக்கு ஏற்றினார். “இதாக்கும் அசல் ஸ்பீக்கர் தாசன். ரெண்டு வாக்கு இவரு பேசட்டு” என்றார். கைதட்டல் அடங்கவில்லை. பெண்கள் பக்கத்தில் மைனி எழுந்து நின்றாள்.

அண்ணன் மைக்கைப் பிடித்தான். வாயைத் திறந்தான். கூட்டம் அடங்கி நின்றது. இரண்டு தடவை தட்டினான். டொக், டொக். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

மெஷின் கோளாறு என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

அன்றைக்குப் பிறகு அவன் உயிரோடு இருந்த காலமெல்லாம் எத்தனையோ கல்யாணத்துக்கு மைக் கட்டினோம். உன் கல்யாணத்துக்கும்தான், மகளே. எல்லா இடத்திலும் டொக், டொக் மட்டும்தான். குழாயை அவிழ்க்கும் நேரமானால் மரத்தின் கீழே வந்து நின்று என்னைப் பார்ப்பான். மைனிக்கு உலை வைக்கும் நேரத்தைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

மாற்றம் நல்லதுதான்

அந்த மாற்றம் நல்லதா என்று என்னிடம் கேட்டால், நல்லதுதான் என்று எந்தச் சபையிலும் சொல்வேன். அது வராமல் இருந்திருந்தால் அந்த பஸ்ஸில் கூனிய மனிதர்கூட வந்திருக்கமாட்டார். பாஸ்கரன் அண்ணன் கடையில் மறுபடி சண்டை போட்டு அரசியல் பேசினோம். இதை நான் பயமில்லாமல் எழுதுகிறேன், நீங்கள் பயமில்லாமல் வாசிக்கிறீர்கள். சின்ன காரியமா இது?

ஆனால் மக்களே, நாட்டில் ஆள் மாறுவது ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. வீட்டில் ஒருவன் மாறிப்போனால், அவனைப் பழையபடி மாற்றித் தர எந்த வோட்டும் இல்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டாம் கிளாஸ் படிப்பு.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டிவியில் அந்தப் புதிய தலைவர் மேடை ஏறினார். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அவர் மைக் முன்னால் வந்து நின்று, விரலால் இரண்டு தட்டு தட்டினார். டொக், டொக்.

அப்போதுதான் உங்கள் பெரியம்மை எழுந்து போனாள்.

போனை வைத்துவிட்டு நானும் பின்னால் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மா அடுக்களைச் சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

“பேசுதாரா தம்பி?” என்று கேட்டாள்.

“பேசுதாரு மைனி.”

“நல்லா பேசட்டு” என்றாள். கொஞ்சம் கழித்து, “சத்தம் கூட்டி வையுங்க. எனக்கு இஞ்ச கேக்கணும்” என்றாள்.

போய்க் கூட்டி வைத்தேன். அந்த நாட்டுப் பாஷை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் பேசி முடிக்கிறவரை மைனி அங்கேயே நின்று கேட்டாள்.